பிரேக் இருக்கட்டும், பீப் வேண்டாம்

புதுக் கார்களில் கட்டாயமாகிவிட்ட ஓட்டுநர் உதவிக் கருவிகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே இங்கே ஜெர்மனியில் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். "அரசாங்கம் என் ஸ்டியரிங்கைப் பிடிக்க வருகிறது" என்று ஒரு கட்சி. "போன உயிர் திரும்ப வருமா, கத்தினால் கத்தட்டும்" என்று இன்னொரு கட்சி. எனக்கு இரண்டும் ஒத்துவரவில்லை. சட்டம் தேவைதான். ஆனால் அந்தச் சட்டம் ஓர் இடத்தில் கார் கம்பெனிகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டது. அதன் பலனைத்தான் தினமும் காதால் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஊரில் இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் ஒரு வாகனப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. புதிதாக அறிமுகமாகும் மாடல்களுக்கு 2022 ஜூலையிலிருந்தும், விற்பனைக்கு வரும் எல்லாப் புதுக் கார்களுக்கும் 2024 ஜூலையிலிருந்தும் அது நடைமுறைக்கு வந்தது. மோதப்போகிறோம் என்றால் தானாகவே பிடிக்கும் அவசர பிரேக், கோட்டைத் தாண்டினால் ஸ்டியரிங்கை இழுத்துத் திருப்பும் லேன் அசிஸ்ட், வேக வரம்பை மீறினால் சொல்லும் கருவி, ஓட்டுபவருக்குத் தூக்கம் வந்தால் எச்சரிப்பது, பின்னால் எடுக்கும்போது உதவும் கேமரா அல்லது சென்சார், விபத்துக்கு முந்தைய சில விநாடிகளைப் பதிந்துவைக்கும் கறுப்புப் பெட்டி. எல்லாம் சேர்ந்தால்தான் வண்டிக்கு அனுமதி. 2038-க்குள் 25,000-க்கும் மேற்பட்ட உயிர்களையும் 1,40,000 பேருக்குப் படுகாயத்தையும் இது தவிர்க்கும் என்பது ஐரோப்பிய ஆணையத்தின் கணக்கு. 2023-இல் மட்டும் ஒன்றிய நாடுகளின் சாலைகளில் சுமார் 20,400 பேர் இறந்திருக்கிறார்கள். அதனால் இந்தச் சட்டமே வீண் வேலை என்று பேசுபவர்களோடு எனக்கு ஒட்டுமில்லை உறவுமில்லை.

அவசர பிரேக்கை எடுத்துக்கொள்வோம். அது இருப்பதே தெரியாது. மாதக் கணக்கில் வாயைத் திறக்காமல் கிடக்கும். முன்னால் போகிற வண்டி திடீரென்று நின்று, நம் கால் பிரேக்குக்குப் போவதற்குள் முட்டிவிடுவோம் என்ற கணத்தில் மட்டும் வரும், பிடிக்கும், போய்விடும். குறைந்த வேகத்தில் பின்புறம் மோதும் விபத்துகள் இந்தக் கருவியால் 38 சதவீதம் குறைந்தன என்று 2015-இல் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பிடும் அமைப்புகளான யூரோ என்கேப்பும் ஆஸ்திரேலியாவின் ஏன்கேப்பும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு சொன்னது. குறை இல்லாமல் இல்லை. பாதசாரிகளைக் கண்டு நிற்கும் வகை, தெருவிளக்கு இல்லாத இருட்டுச் சாலையில் பெரிதாக உதவவில்லை என்று அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் இயங்கும் சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான ஐஐஎச்எஸ் 2022-இல் காட்டியது. சரி, அதைத் திருத்தட்டும். இந்த பிரேக்கை அணைத்துவைக்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

வேக எச்சரிக்கை அப்படியில்லை. அது ஓயாமல் பேசும்.

முன்பக்கக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமரா சாலையோரப் பலகையைப் படிக்கிறது. உள்ளே இருக்கும் வரைபடத்தோடு அதை ஒப்பிட்டு, "இங்கே 50, நீ 53" என்று பீப் அடிக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜெர்மன் சாலைப் பலகைகள் கேமராவுக்காக எழுதப்பட்டவை அல்ல. 80 என்று ஒரு பலகை, அதற்குக் கீழே சின்னதாக "ஈரமாக இருந்தால் மட்டும்" என்று இன்னொன்று. 30 என்று ஒரு பலகை, கீழே "இரவு 10 முதல் காலை 6 வரை". ஆட்டோபான் என்ற விரைவுச்சாலையிலிருந்து பிரியும் கிளைப்பாதைக்கான 60-ஐப் பிரதான சாலையில் போகிற நம் வண்டி படித்துவிட்டு, 120-இல் போகிறவனைப் பார்த்து அலறுகிறது. சில பஸ்களின் முதுகில் 100 என்று வட்டமாக ஒட்டியிருப்பார்கள். அது அந்த பஸ்ஸுக்கான வரம்பு. அதையும் படித்து நமக்கு உத்தரவு போடுகிற வண்டிகள் உண்டு. ஊர் எல்லையிலோ, மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயர் மட்டும்தான் இருக்கும், எண் இருக்காது. 50 என்பதை நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும். கார் சிலசமயம் புரிந்துகொள்கிறது, சிலசமயம் விட்டுவிடுகிறது.

இதில் விதிமீறல் எதுவும் கிடையாது. சோதனை ஓட்டத்தில் மொத்த தூரத்தில் 90 சதவீதம் சரியாகச் சொன்னால் போதும் என்பதுதான் விதி. அதாவது நூறு கிலோமீட்டரில் பத்து கிலோமீட்டர் தப்பாகச் சொன்னாலும் அது தேறிய கருவி. பரீட்சையில் 90 நல்ல மார்க்தான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து வழி முழுக்க அறிவுரை சொல்பவர் பத்தில் ஒன்று தப்பாகச் சொன்னால், மீதி ஒன்பதை யார் காதில் வாங்குவார்கள்? புலி வருது கதைதான். நிஜமாகவே பள்ளிக்கூடத்துக்கு முன்னால் 30-ஐத் தாண்டும்போது அடிக்கிற பீப்பும் முன்பு அடித்த பொய் பீப்பும் காதுக்கு ஒன்றுதான்.

இதை அணைக்கலாம். சட்டமே அனுமதிக்கிறது. ஆனால் அடுத்த முறை வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது அது தானாகவே திரும்ப உயிர் பெற்றிருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம். அதனால் புதுக் கார் வைத்திருக்கும் பலரும் பெல்ட் போட்ட கையோடு ஒரு சடங்கு செய்கிறார்கள். டச் ஸ்கிரீனில் மெனுவுக்குள் மெனுவாக இறங்கி ஒவ்வொன்றாக அணைக்கிறார்கள். என் வண்டியிலும் இதே கதை. மறந்துபோய்க் கிளம்பிவிட்டால் ஓட்டிக்கொண்டே தேட வேண்டும்.

இங்கேதான் வேடிக்கை. இதே சட்டத்தின் அடுத்த கட்டமாகக் கவனச் சிதறல் எச்சரிக்கை வருகிறது. புது மாடல்களுக்கு 2024 ஜூலையிலிருந்து, எல்லாப் புதுக் கார்களுக்கும் 2026 ஜூலையிலிருந்து கட்டாயம். 50 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது பார்வை மூன்றரை விநாடி சாலையை விட்டுக் கீழே இறங்கியிருந்தால் அது எச்சரிக்கும். அதாவது ஒரு பீப்பை அணைக்கத் திரையைப் பார்த்தால், ஏன் திரையைப் பார்க்கிறாய் என்று இன்னொரு பீப். இதை எழுதிய அதிகாரிகள் ஒரே கட்டடத்தில் இருந்தவர்கள்தானா என்று எனக்குச் சந்தேகம்.

டாசியா, ரெனோ வண்டிகளில் இதற்கென்றே ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள். நமக்கு வேண்டியபடி முன்பே அமைத்துவைத்துக்கொண்டு, கிளம்பும்போது இரண்டு முறை அழுத்தினால் போதும். வாடிக்கையாளரை நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள் என்று பாராட்டலாம். கட்டாயக் கருவியை அணைக்க எளிய வழி என்பதே ஒரு விற்பனை அம்சமாகிவிட்டது என்றும் பார்க்கலாம்.

விட்டுக்கொடுத்தது என்று முதலில் சொன்னேன் அல்லவா, அது இதுதான். வேக எச்சரிக்கையைச் செய்ய விதி நான்கு வழிகளைத் தருகிறது. முதலில் விளக்கு, அப்புறம் சத்தம். அல்லது விளக்கு, அப்புறம் அதிர்வு. அல்லது ஆக்சிலரேட்டர் மிதி நம் பாதத்தை மெல்ல எதிர்த்துத் தள்ளுவது. அல்லது இன்ஜினே வேகத்தைத் தணிப்பது, அதுவும் நாம் அழுத்தி மிதித்தால் விட்டுக்கொடுத்துவிடும். இதில் மிதி தள்ளுவது சத்தமில்லாத வேலை. பக்கத்தில் தூங்குகிற குழந்தைக்கும் தெரியாது, பின்னால் உட்கார்ந்திருக்கும் மாமனாருக்கும் தெரியாது, காலுக்கு மட்டும் தெரியும். தப்பாகச் சொன்னாலும் கொஞ்சம் அழுத்திவிட்டுப் போய்விடலாம். ஆனால் அதற்கு மிதியில் தனியாக மோட்டார் வைக்க வேண்டும். ஸ்பீக்கர்தான் எல்லா வண்டியிலும் ஏற்கெனவே இருக்கிறதே! நான் ஓட்டிப் பார்த்த வண்டிகள் எல்லாவற்றிலும் பீப்தான். பீப்பை ஏற்காதீர்கள், எரிச்சல்பட்டு அணைத்துவிடுவார்கள் என்று பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ஐரோப்பியப் போக்குவரத்துப் பாதுகாப்புக் கவுன்சில் விதிகள் எழுதப்பட்டபோதே சொன்னது. கார் கம்பெனிகளின் எதிரி சொல்லவில்லை, பாதுகாப்புக்காகவே வாதாடுகிற அமைப்பு சொன்னது.

அவர்கள் சொன்னதற்கு ஆதாரமும் அப்போதே இருந்தது. 2016-இல் ஐஐஎச்எஸ் ஒரு எளிய வேலை செய்தது. சர்வீஸுக்கு வந்த ஹோண்டா கார்களில் எந்தக் கருவி இயங்குகிறது, எது அணைக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தார்கள். முன்புற மோதல் எச்சரிக்கை ஏறக்குறைய எல்லா வண்டியிலும் இயங்கிக்கொண்டிருந்தது. லேன் எச்சரிக்கை மூன்றில் ஒரு பங்கு வண்டிகளில்தான். அதே கம்பெனி, அதே ஓட்டுநர்கள். அமைதியாக இருந்ததை விட்டுவைத்தார்கள், நச்சரித்ததை அணைத்தார்கள். சட்டம் எழுத உட்கார்ந்தவர்கள் வேறு எதையும் படிக்காமல் இதை மட்டும் படித்திருந்தால்கூடப் போதும்.

இன்னும் பழைய கதையும் உண்டு. அமெரிக்காவில் 1974 மாடல் கார்களில் பெல்ட் போடாவிட்டால் வண்டியே ஸ்டார்ட் ஆகாது. நல்ல எண்ணம். ஆனால் முன் சீட்டில் மளிகைப் பையை வைத்தாலும் ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்து மக்கர் செய்தது. மக்கள் கொதித்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரிலேயே நாடாளுமன்றம் சட்டம் போட்டு அதைத் தூக்கியது. தூக்கியதோடு நிற்கவில்லை. பெல்ட் எச்சரிக்கை மணி 8 விநாடிக்கு மேல் ஒலிக்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் எழுதிவைத்தது. அந்தத் தடை நீங்க 2012 ஆனது. ஒரு மோசமான வடிவமைப்பு மக்களை வெறுப்பேற்றியதால் நல்ல யோசனை ஒன்று ஏறக்குறைய நாற்பது வருஷம் முடங்கிக் கிடந்தது. இங்கே பீப்பைக் கேட்டுக் கடுப்பாகிறவர்கள் அடுத்த தேர்தலில் என்ன கேட்பார்கள் என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. பீப்போடு சேர்த்து பிரேக்கையும் தூக்கு என்பார்கள்.

நம் ஊர் கதை தெரிந்ததுதான். இந்தியாவில் 2019 ஜூலையிலிருந்து புதுக் கார்கள் 80-ஐத் தாண்டினால் விட்டுவிட்டு பீப், 120-ஐத் தாண்டினால் விடாமல் பீப். அதற்குச் சாலை எதுவென்றே தெரியாது. பள்ளிக்கூட வாசலில் 70-இல் பறந்தால் வாயே திறக்காது, ஆளில்லாத நான்குவழிச் சாலையில் 81 என்றால் கத்தும். போன முறை ஊருக்கு வந்தபோது விமான நிலையத்திலிருந்து கூட்டிவந்த டிரைவர் தம்பி, "அது கத்திக்கிட்டேதான் சார் இருக்கும், கண்டுக்காதீங்க" என்றார். அவருடைய பெல்ட் முதுகுக்குப் பின்னால் மாட்டியிருந்தது. பெல்ட் மணியை ஏமாற்றும் கிளிப்பை ஆன்லைனில் விற்கிறார்கள் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் அமேசான், ஃப்ளிப்கார்ட் உள்ளிட்ட ஐந்து தளங்கள் மீது நடவடிக்கை எடுத்ததும், 13,000-க்கும் மேற்பட்ட விற்பனைப் பக்கங்கள் நீக்கப்பட்டதும் நினைவிருக்கலாம். பெல்ட் மணியை வேக பீப்போடு சேர்த்து நான் திட்டமாட்டேன். அது தப்பாகச் சொல்வதில்லை, பெல்ட்டை மாட்டினால் வாயை மூடிக்கொள்ளும். அதற்கே கிளிப் வாங்குகிறார்கள் என்றால் பத்துக்கு ஒன்று பொய் சொல்கிற பீப்பின் கதியை யோசித்துப் பாருங்கள்.

லேன் அசிஸ்ட் பற்றியும் ஒரு வார்த்தை. ஆட்டோபானில் அது எனக்குப் பிடிக்கும். கோடுகள் தெளிவாக இருக்கும், இரவில் களைப்பாக வரும்போது துணை. ஆனால் கிராமச் சாலையில் சைக்கிளைத் தாண்டும்போது? ஊருக்கு வெளியே சைக்கிளுக்கு 2 மீட்டர் இடம் விட வேண்டும் என்பது 2020-இலிருந்து ஜெர்மன் விதி. அவ்வளவு விட வேண்டுமென்றால் நடுக்கோட்டைத் தாண்டியே ஆக வேண்டும். இன்டிகேட்டர் போட மறந்தால், ஸ்டியரிங் என் கையிலிருந்து சைக்கிள்காரர் பக்கமாக இழுக்கிறது. இன்டிகேட்டர் போடு, ஒழுங்காக ஓட்டு என்று சிலர் கமென்ட் போடுவார்கள், தெரியும். போடுகிறேன். ஆனால் தவறு செய்கிற ஓட்டுநரைக் காப்பாற்றத்தானே இந்தக் கருவி? நான் மறக்கிற நாளில் அது சைக்கிள் பக்கம் இழுத்தால் என்ன பாதுகாப்பு அது.

என்னைக் கேட்டால் செய்ய வேண்டியது பெரிய விஷயமில்லை. நான்கு வழிகளில் சத்தத்தை எடுத்துவிட்டு மிதியை வைக்க வேண்டும். கண்ணாடி மாற்றினால் கேமராவை மறுபடி அளவுசெய்ய ஒரு தொகை கேட்கிறார்களே, அந்தப் பணத்தோடு ஒப்பிட்டால் மிதிக்கு ஆகிற கூடுதல் செலவை நான் சந்தோஷமாகத் தருவேன். 90 சதவீதத்தை உயர்த்த வேண்டும், அதையும் சோதனை ஓட்டத்தில் மட்டும் பார்க்காமல் விற்ற பிறகும் பார்க்க வேண்டும். எத்தனை பேர் எந்தக் கருவியை அணைத்துவைக்கிறார்கள் என்ற கணக்கைக் கம்பெனிகள் வெளியிட வேண்டும். வண்டிக்குத்தான் எல்லாம் தெரியுமே.

பிரான்ஸ், நார்வே, நெதர்லாந்து பக்கம் இருக்கும் நண்பர்கள் சொல்லுங்கள்: மிதி தள்ளுகிற வகையை யாராவது ஓட்டியிருக்கிறீர்களா? எந்த வண்டி, எப்படி இருந்தது? அடுத்த வருஷம் மச்சான் கார் வாங்கப் போகிறார், பீப் இல்லாததாகப் பார்த்துச் சொல் என்று என்னைத்தான் துளைக்கிறார்.