பிள்ளைகள் பேசினால் குளம் உடைந்துவிடாது

எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கும் அந்தக் குரல் பதிவை நானும் கேட்டேன். தரம் 5 பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரித்து, கிளிநொச்சி வயல்களுக்குப் பாயும் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிக்கக் கொடுக்கலாமா என்று விவாதிக்க விட்டிருக்கிறார் அந்த ஆசிரியை. அவ்வளவுதான் குற்றம். வகுப்பில் அரசியல் பேசுகிறாராம். உடனே முறைப்பாடு, விளக்கம் கேட்டுக் கடிதம்.

பதிவை முழுதாகக் கேட்டீர்களா? வயல்காரரின் பிள்ளைகளைத்தான் யாழ்ப்பாணத்துக்காகப் பேச வைத்திருக்கிறார். ஒரு சிறுமி திக்கித் திக்கிச் சொல்கிறாள்: "அங்கே ஆறு இல்லை, கிணறுதான். அதுவும் உவராகிப்போனால் எதைக் குடிப்பார்கள்?" எதிரணிப் பையன் விடவில்லை: "சிறுபோகத்துக்கே தண்ணீர் காணாது. அப்பாவின் பங்கைக் குறைத்துவிட்டார்கள்." இன்னொருவன் குறுக்கிட்டு, யாழ்ப்பாணத்துத் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்களே என்கிறான். அந்த நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. அதற்குள் பெரியவர்கள் ஆண்டுக்கணக்கில் மேடை மேடையாகக் கத்திவிட்டோம். ஒருவராவது மற்றவர் பக்கம் நின்று பேசிப் பார்த்தோமா?

சின்னப் பிள்ளைகளுக்கு ஏன் இந்தத் தலையிடி என்கிறீர்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தில் நாங்கள் பொதுநோக்கு மண்டபத்தில் பாய் விரித்துக் கிடந்தோம். குளத்தின் வான்கதவை ஏன் முன்பே திறக்கவில்லை என்று பெரியவர்கள் விடிய விடியச் சண்டை பிடித்ததை என் மகள் போர்வைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பாடசாலை தொடங்கியதும் கொப்பியில் 'நீரின் பயன்கள்' எழுதிக்கொண்டு வந்தாள். வெள்ளத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. 2022இல் மண்ணெண்ணெய் வரிசையில் கான் வைத்துக்கொண்டு நின்றதும் அதே பிள்ளைதான். வரிசையில் நிற்கலாம், ஏன் வரிசை என்று மட்டும் கேட்கக் கூடாதா?

வீட்டுச் சண்டையை வகுப்புக்குக் கொண்டுவந்துவிடுவார்கள் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அதில் நியாயம் உண்டு. ஆசிரியர் தன் கட்சியைப் புகுத்தினால் நானே எதிர்ப்பேன். இங்கே அப்படி நடக்கவில்லை. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை முடியட்டும் என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அவர்களுக்குப் பிள்ளையைவிட வெட்டுப்புள்ளி பெரிது.

இவர்களேதான் தமிழ்த்தினப் போட்டி வந்தால், எந்த வரியில் கையை உயர்த்த வேண்டும் என்பதுவரை எழுதிக்கொடுத்துப் பாடமாக்க வைக்கிறார்கள். அது பேச்சாற்றல். பிள்ளை தானாக ஒரு வசனம் சொன்னால் அது அரசியல்! அரசியல்வாதி வரும் நாளில் மாலையோடு பிள்ளைகளை வெயிலில் நிறுத்தியபோது, எந்தப் பெற்றோர் முறைப்பாடு எழுதினீர்கள்?

உங்கள் பயம் எனக்குத் தெரியாததல்ல. வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைக்கலாம் என்று இந்த மண்ணில் பழகியவன்தான் நானும். அதைப் பிள்ளைகளுக்கும் சீதனமாகக் கொடுக்கப் போகிறோமா? அந்த ஆசிரியை விடுமுறையில் போய்விட்டாராம். சிலருக்கு நிம்மதியாக இருக்கும்.

பிள்ளைகள் ஒவ்வொருவரும் எழுந்து, தன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் பேசியிருக்கிறார்கள். முறைப்பாடு மொட்டைக் கடிதமாக வந்ததாம்.