சிமென்ட் வைத்ததோடு விட்டுவிடாதீர்கள்

நொறுங்கிய முதுகெலும்புக்குள் சிமென்ட் செலுத்தும் வெர்டிப்ரோபிளாஸ்டி செய்த மறுநாளே நோயாளி எழுந்து நடக்கலாம் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். சரிதான், எங்கள் அம்மாவும் நடந்தார். செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகக் கேரளாவுக்குக் கூட்டிப்போய்ச் செய்தோம். நாலாவது மாதம், அடிபம்பில் பிடித்த அரைக்குடம் தண்ணீரை இடுப்பில் ஏற்றும்போது அப்படியே உட்கார்ந்துவிட்டார். சிமென்ட் வைத்த எலும்புக்கு நேர் மேலே இருந்தது நொறுங்கியிருந்தது.

இப்படிப் பக்கத்து எலும்பு நொறுங்குவது சிமென்டால் வருகிறதா, எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமாகும் எலும்புப்புரையால் தானாக வருகிறதா என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. இறுகிய சிமென்ட் பக்கத்து எலும்பின் மேல் பாரத்தைக் கூட்டும், இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டுக்குள் அது கசிந்தால் ஆபத்து இன்னும் அதிகம் என்கிறார்கள். ஆனால் ஒரு எலும்பு நொறுங்கியவருக்கு, சிமென்டே வைக்காவிட்டாலும் அடுத்தது நொறுங்கும் வாய்ப்பு அதிகம்தான். 2009-இல் வந்த இரண்டு ஆய்வுகளில் சிமென்ட் வைக்காமல் வைத்ததுபோலவே செய்த போலிச் சிகிச்சை பெற்றவர்களுக்கும், சிமென்ட் வைத்தவர்களுக்குப் போலவே ஏறக்குறைய அதே அளவு வலி குறைந்தது. அதையும் எழுதியிருக்கலாம்.

எனக்கு ஆறாத வருத்தம், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கவோ எலும்பை உறுதியாக்கும் மருந்து தொடங்கவோ அப்போது யாரும் சொல்லாதது. நாங்களும் கேட்கவில்லை. இப்போது எலும்பை உறுதியாக்க வருஷத்துக்கு ஒரு தடவை ஜோலட்ரானிக் அமில ஊசி, கூடவே கால்சியம், வைட்டமின் டி. அப்புறம், தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில்கூட அம்மாவை விடுவதில்லை.