மலைக் குளிர் என்று விட்டுவிட்டோம்

"அவ்வளவு இளைச்ச பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் ஏன் அளந்து அளந்து கொடுக்கிறாங்க?" என்று, அனோரெக்ஸியாவால் (எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்கும் நோய்) இளைத்த பிள்ளைகளைப் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். போன வருடம் நானும் இதையே கேட்டு வார்டில் சண்டை போட்டவள்தான்.

எங்களுக்குக் கோத்தகிரி. அக்கா மகளுக்கு 15 வயது, அவளுக்கும் இதே நோய்தான். இங்கே வருடம் பூரா ஸ்வெட்டரில்தான் திரிவோம், அதனால் அவள் இளைத்தது யார் கண்ணிலும் படவில்லை. "எப்பவும் குளிருது சித்தி" என்பாள். மலைக் குளிர் என்று விட்டுவிட்டோம்.

கோயம்புத்தூரில் சேர்த்தபோது டயட்டீஷியன் விளக்கினார். பல நாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் இன்சுலின் ஏறி, ரத்தத்தில் உள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியத்தைச் செல்லுக்குள் இழுத்துவிடுமாம். இதயத் துடிப்பே தடுமாறலாம். அதனால்தான் அடிக்கடி ரத்தப் பரிசோதனை, தயமின் (வைட்டமின் பி1) மாத்திரை, மூன்று வேளைச் சாப்பாடு, நடுநடுவே மூன்று தடவை சிற்றுண்டி. ஆனால் பயந்துகொண்டு ரொம்ப மெதுவாகக் கூட்டுவதும் தப்பு என்றார்.

தட்டில் வந்ததைப் பற்றிப் பேரம் கிடையாது. அக்காவுக்கு அதுதான் தாங்கவில்லை. இட்லிப் பொடியில் ஊற்றிய எண்ணெயை மகள் டிஷ்யூவில் ஒற்றி எடுப்பாள். நர்ஸ் கோபப்படாமல் திரும்ப ஊற்றுவார். சாப்பிட்ட பிறகும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

இப்போது வீட்டில் நாலு மணி டீயும் வர்க்கியும்கூட அட்டவணையில் ஒரு வேளை. "கொஞ்சம் சதை போட்டிருக்கியே!" என்று பாராட்டுகிறேன் பேர்வழி என்று வரும் சொந்தக்காரர்களைத்தான் சமாளிக்க முடியவில்லை.