சாயும் வரிகளும் ‘நார்மல்’ என்ற பதிலும்

டேப்லெட்டை நெடுக்குவாட்டில் பிடித்துக்கொண்டு ஒரு பக்கத்தை விரலால் மேலே தள்ளும்போது, வரியின் ஒரு முனை முந்திக்கொள்ள, மறுமுனை அதன் பின்னால் இழுபட்டு வருவதைச் சிலர் கவனித்திருப்பீர்கள். நகர்வு நின்றதும் வரி நேராகிவிடும். கீழே தள்ளினால் சாய்வு எதிர்ப்பக்கம் திரும்பும். இதற்கு ‘ஜெல்லி ஸ்க்ரோல்’ என்று பெயர். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களைப் படிக்கும் எனக்கு இது மிகவும் உறுத்துவது அட்டவணைகளில்தான்: செங்குத்துக் கோடுகள் நிமிர்ந்தே நிற்கின்றன, கிடைக்கோடுகள் மட்டும் சரிகின்றன, கட்டங்கள் எல்லாம் இணைகரங்களாகி விடுகின்றன.

கும்பகோணத்தில் வாங்கிய கடைக்கே எடுத்துச் சென்று காட்டினேன். “எல்லா டேபும் இப்படித்தான் சார் இருக்கும், இது நார்மல்” என்றார் அங்கிருந்த தம்பி. அவர்மீது எனக்கு வருத்தமில்லை. 2021-இல் வெளிவந்த ஆறாம் தலைமுறை ஐபேட் மினியில் இதே புகார் எழுந்தபோது, எல்சிடி திரைகளுக்கு இது இயல்பானதே என்றுதான் ஆப்பிள் நிறுவனமும் பதிலளித்தது. 2017-இல் ஒன்பிளஸ் 5 கைபேசியைப் பற்றிப் பேச்சு வந்தபோதும் ஏறக்குறைய இதே பதில்தான் கிடைத்தது. இதில் பாதி உண்மை இருக்கிறது என்பதே என் கருத்து. மற்றப் பாதியை யாரும் சொல்வதில்லை.

திரையில் உள்ள பிக்சல்கள் அனைத்தும் ஒரே கணத்தில் மாறுவதில்லை. ஒரு விளிம்பில் தொடங்கி வரிசை வரிசையாக மறுவிளிம்பு வரை புதுப்பிக்கப்படுகின்றன. மேட்டூரில் ஜூன் 12-இல் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்துசேர நாள் பிடிப்பதைப் போல, திரையின் கடைசி விளிம்புக்கும் புதிய படம் தாமதமாகவே வருகிறது. விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் அந்தத் தாமதம் ஏறத்தாழ 16 மில்லி விநாடிதான். ஆனால் பக்கம் விநாடிக்கு 12 செ.மீ. வேகத்தில் நகருமானால், அந்த நேரத்துக்குள் அது 2 மி.மீ. கடந்துவிடும், நகரும் எழுத்தைக் கண் தொடர்ந்து செல்வதால், அந்த 2 மி.மீ. வரியின் இரு முனைகளுக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வாகத் தெரிகிறது. தொடராத கண்ணுக்கு இது பிடிபடாது. என் மாமனார் ஒரு பக்கத்தைத் தள்ளிவிட்டு, அது நின்ற பிறகே படிக்கத் தொடங்குபவர். “எனக்கு ஒண்ணும் தெரியலையே மாப்பிள்ளை” என்று டேப்லெட்டைத் திருப்பித் தந்துவிட்டார். (ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு படாமல் இருக்காது என்பதால், நானும் அவரிடம் மேற்கொண்டு விளக்கவில்லை.)

இதுவரை நிறுவனங்கள் சொல்வது சரி. ஆனால் புதுப்பிப்பு எந்தத் திசையில் செல்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பக்கம் நகரும் திசையிலேயே அதுவும் சென்றால் எழுத்துகள் இம்மியளவு நீளும் அல்லது சுருங்கும், அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். குறுக்கே சென்றால் வரி சாயும். மயிலாடுதுறைக்குப் போகும் ரயிலில் சன்னலோரம் அமர்ந்து கைபேசியைக் குறுக்குவாட்டில் பிடித்து வீடியோ எடுத்தால் அருகிலுள்ள கம்பங்கள் சாய்ந்து ஓடும். நெடுக்குவாட்டில் பிடித்தால் சாயாமல் சற்றே தடிக்கும் அல்லது மெலியும். கேமராவின் சென்சாரும் வரிசை வரிசையாகவே பதிவதுதான் காரணம்.

ஐபேட் மினியைப் பிரித்துப் பார்த்த ஐஃபிக்ஸிட் நிறுவனத்தார், திரையைக் கட்டுப்படுத்தும் பலகை அதில் பக்கவாட்டில் இருப்பதையும், ஐபேட் ஏரில் மேற்புறம் இருப்பதையும் எடுத்துக்காட்டினார்கள். வரிசையாகப் புதுப்பிப்பது எல்சிடியின் இயல்பாக இருக்கலாம். பலகையை எந்தப் பக்கம் வைப்பது என்பது மனிதர்கள் எடுத்த முடிவு. 8.3 அங்குலத் திரையை ஒரு கையில் நெடுக்குவாட்டில் பிடித்துத்தான் பெரும்பாலோர் படிப்பார்கள் என்பது வடிவமைத்தவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அந்த முடிவையும் எல்சிடியின் கணக்கில் எழுதிவிடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சட்டமோ ஒப்பந்தமோ விற்பவரின் வாக்குறுதியோ கூறும் தரத்திலிருந்து குறைவதையே குறைபாடு என்கிறது. பெட்டியின் மீது அங்குலமும் பிக்சல் எண்ணிக்கையும் இருக்கின்றன. புதுப்பிப்பின் திசையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அளிக்காத வாக்குறுதி மீறப்பட்டது என்று வாதிடுவது கடினம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

விநாடிக்கு 120 முறை புதுப்பிக்கும் (120 ஹெர்ட்ஸ்) திரையில் சாய்வு பாதியாகக் குறையும். இருக்கிற டேப்லெட்டைக் குறுக்குவாட்டில் திருப்பினால் சாய்வு மறையும், ஆனால் நூலின் பக்கமும் பாதிதான் தெரியும். பக்கம் பக்கமாகப் புரட்டும் வசதியுள்ள செயலியைப் பயன்படுத்துவதே இப்போதைக்கு நான் கண்ட வழி.

வாங்கப்போகிறவர்களுக்கு ஒன்று: கடைகளில் காட்சிக்கு வைத்திருப்பவை பெரும்பாலும் குறுக்குவாட்டில் நிறுத்தப்பட்டு வீடியோ ஓட்டிக்கொண்டிருப்பவை, அந்த நிலையில் இந்தச் சாய்வு தலைகாட்டாது. கையில் எடுத்து நெடுக்குவாட்டில் பிடித்து, அட்டவணை உள்ள பக்கம் ஒன்றைத் திறந்து, எழுத்தைக் கண்ணால் தொடர்ந்தபடி மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். எடுத்துப் பார்க்கக் கடைக்காரர் சம்மதிக்காவிட்டால், அடுத்த கடைக்குப் போகலாம்.