குடும்பத்தோடு ஸ்கூபா போகிறீர்களா? தயங்குகிறவரை வைத்துத் திட்டம் போடுங்கள்

குடும்பமாக ஸ்கூபா டைவிங் (காற்றுச் சிலிண்டரோடு கடலுக்கடியில் நீந்துவது) போக ஒரு தீவைத் தேடும்போது, "எங்கே நிறைய மீன் பார்க்கலாம்?" என்றுதான் பெரும்பாலும் ஆரம்பிக்கிறோம். திருக்கை, சுறா, கடலாமை என்று ஒரு பட்டியல் தயாராகிவிடும். என்னைக் கேட்டால் முதல் கேள்வியை வீட்டுக்குள்ளேயே கேட்க வேண்டும். நம்மில் யாருக்குத் தண்ணீர் என்றால் பயம்? யார் இதில் ஆசையே இல்லாமல், மற்றவர்களுக்காகத் தலையாட்டிக்கொண்டிருக்கிறார்? எந்தத் தீவு, எந்த மாதம், எத்தனை நாள் என்பதையெல்லாம் அவரை மனதில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

கடலுக்கடியில் கணக்கே அப்படித்தான் ஓடுகிறது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைவிட இரண்டு மடங்கு. அதே ஒரு மூச்சுக்கு அங்கே இரண்டு மடங்கு காற்று செலவாகும். பயந்தவர் வேகவேகமாக மூச்சு வாங்குவார், அவருடைய சிலிண்டர் முதலில் இறங்கும். ஒரே வழிகாட்டியோடு போகும் குழுவில் ஒருவருடைய காற்று குறைந்துவிட்டால் பெரும்பாலும் எல்லோரும் சேர்ந்துதான் மேலே வர வேண்டியிருக்கும். நீங்கள் எவ்வளவு நிதானமாக மூச்சு விட்டாலும் சரி, அன்றைய டைவின் நீளத்தைத் தீர்மானிப்பவர் அவர்தான்.

இதைவிட முக்கியமானது வேறொன்று. ஸ்கூபாவில் சொல்லித்தரும் முதல் விதி, மூச்சை அடக்காதே. 10 மீட்டரில் நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேற்பரப்புக்கு வரும்போது இரண்டு மடங்காக விரியும். மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்தால் நுரையீரல் கிழியும் ஆபத்து உண்டு, உயிருக்கே உலை வைக்கும். பதற்றத்தில் மனிதன் இயல்பாகச் செய்வது இந்த இரண்டையும்தான்: மூச்சை அடக்குவது, மேலே பாய்வது. அதனால் பயத்தோடு ஒருவரை இறக்குவதை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்வதில்லை.

டைவிங் செய்பவர்களிடம் அருமையான வழக்கம் ஒன்று இருக்கிறது. யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல் டைவை நிறுத்தலாம். தண்ணீருக்குள் கட்டைவிரலை மேல்நோக்கிக் காட்டினால் "நான் நன்றாக இருக்கிறேன்" என்று அர்த்தம் இல்லை, "மேலே போகிறோம்" என்று அர்த்தம். அதை யாரும் கேள்வி கேட்கக்கூடாது. அதே சைகையைத் திருப்பிக் காட்டிவிட்டு மெதுவாகச் சேர்ந்து ஏற வேண்டியதுதான், ஏன் என்பதைப் படகில் பேசிக்கொள்ளலாம். கிளம்புவதற்குப் பல நாள் முன்பே இந்தச் சைகையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். பெரியவர்களும் அதற்குக் கட்டுப்படுவார்கள் என்று அவர்கள் முன்னாலேயே வாக்குக் கொடுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், குடும்பங்களில் இந்த வழக்கம்தான் முதலில் காற்றில் பறக்கிறது. ஒருமுறை படகில் ஒரு பையன் உடையெல்லாம் மாட்டிக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். உதடு வெளுத்திருந்தது. "வேண்டாம்ப்பா" என்றான். "காசு கட்டியாச்சு, இவ்வளவு தூரம் வந்தாச்சு, தம்பியே குதிச்சுட்டான், உனக்கு என்ன?" என்றார் அப்பா. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கட்டிய பணத்தையும் தம்பியையும் காட்டி ஒரு பிள்ளையைக் கடலில் இறக்குவதை எந்தக் காரணம் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது. நல்லவேளை, அங்கிருந்த பயிற்சியாளர் குறுக்கே வந்து, "இவன் இன்று என்னோடு படகில் இருக்கட்டும்" என்று முடித்துவிட்டார்.

அப்புறம் காது. சிறுவர்களுக்கு நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் பெரியவர்களுக்கு இருப்பதைவிடக் குறுகலாக, கிடைமட்டமாக இருக்கும். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி, இறங்கும்போது காதில் ஏறும் அழுத்தத்தைச் சமன் செய்வது அவர்களுக்கு அவ்வளவு எளிதாக வராது. சளி பிடித்திருந்தால் பெரியவர்களுக்கே வராது. என் மகள் சுமார் 3 மீட்டரிலேயே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். ஒரு கையால் காதைக் காட்டி, இன்னொரு கையைத் தட்டையாக விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டினாள், ஏதோ சரியில்லை என்பதற்கான சைகை அது. பயிற்சியாளர் அவளைக் கொஞ்சம் மேலே ஏற்றினார், காத்திருந்தார், மறுபடி ஓர் அடி இறக்கினார். மறுபடி காத்திருந்தார். அவர் முகத்தில் துளி அவசரம் இல்லை. கடைசியில் அவள் அந்த ஆழத்தைத் தாண்டவே இல்லை. பக்கத்திலேயே ஒரு கடல் அனிமோன், அதற்குள் கோமாளி மீன் குடும்பம் ஒன்று. முழு நேரமும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கூட்டத்தில் இருப்பதிலேயே பெரியதுதான் பெண், அது இறந்துபோனால் அடுத்து நிற்கும் ஆண் மீன் பெண்ணாக மாறிவிடும் என்று படகில் பயிற்சியாளர் விளக்கியபோது, 12 மீட்டர் வரை போய் வந்த நாங்கள் அனைவரும் அவளிடம்தான் அந்த மீன்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

வயது விஷயத்தில் உலகம் முழுக்க இருக்கும் பயிற்சி அமைப்புகள் தெளிவாக வரம்பு வைத்திருக்கின்றன. பாடி (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பில் 8 வயதுக் குழந்தை 2 மீட்டருக்கு மேல் ஆழம் போகாமல் முயன்று பார்க்கலாம். 10 வயதில் ஜூனியர் சான்றிதழ் எடுக்கலாம். 10, 11 வயதுக்காரர்கள் 12 மீட்டர் வரைதான், அதுவும் சான்றிதழ் பெற்ற பெற்றோர் அல்லது தொழில்முறைப் பயிற்சியாளர் கூடவே இருக்க வேண்டும். இந்தக் கடைசி விதியில் பல குடும்பங்கள் சறுக்குகின்றன. போன வாரம் சான்றிதழ் வாங்கிய அப்பாவும் இந்த வாரம் வாங்கிய மகளும் ஜோடியாகப் போகக் காகிதத்தில் தடை இல்லாமல் இருக்கலாம். ஆனால் தன் மாஸ்க்கில் தண்ணீர் ஏறினாலே தடுமாறுகிறவர் இன்னொருவரை எப்படிக் காப்பாற்றுவார்? அந்த ஜோடிக்குத் தனியாக ஒரு வழிகாட்டியைக் கேட்டு வாங்குங்கள். மிச்சம் பிடிக்க வேண்டுமானால் அறை வாடகையில் பிடியுங்கள், இதில் வேண்டாம்.

இனி தீவு. பெயர் பெற்ற இடம் எல்லாம் குடும்பத்துக்கு ஏற்ற இடம் ஆகிவிடாது. இந்தோனேசியாவின் கொமோடோ கண்ணைப் பறிக்கும் அழகு, நீரோட்டமோ பலம். புதியவர்களுக்கு அது வேண்டாம். கரீபியனில் உள்ள போனேர் தீவின் மேற்குக் கரை பெரும்பாலும் அமைதியானது, பல இடங்களில் கரையிலிருந்தே நடந்து இறங்கலாம், பிடிக்காவிட்டால் நடந்தே திரும்பிவிடலாம். படகில் வேறு வழியில்லாமல் காத்திருக்க வேண்டாம் என்பதே பயந்தவருக்குப் பாதித் தெம்பு. மாலத்தீவின் பா பவளத்தீவில் ஹனிஃபாரு விரிகுடா இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் மாண்டா திருக்கைகள் இரை தேடிக் கூட்டமாக வரும் இடம். அங்கே ஸ்கூபாவுக்கு அனுமதியே கிடையாது, மூச்சுக்குழாயை வாயில் வைத்து மேற்பரப்பில் மிதந்தபடி பார்க்கும் ஸ்நோர்க்கல் மட்டும்தான். குடும்பத்தில் டைவ் செய்பவரும் செய்யாதவரும் ஒரே மேற்பரப்பில் மிதந்து ஒரே காட்சியைப் பார்க்கலாம். எனக்கு இப்படிப்பட்ட இடங்கள்தான் பிடிக்கும்.

சான்றிதழுக்கான பாட வகுப்பையும் நீச்சல்குளப் பயிற்சியையும் ஊரிலேயே முடித்துக்கொண்டு, கடலில் செய்ய வேண்டிய 4 டைவ்களை மட்டும் தீவுக்கு வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. முடிந்தவர்கள் அப்படியே செய்யுங்கள். யாருக்கு ஒத்துவரும், யாருக்கு வராது என்பது குளத்திலேயே தெரிந்துவிடும். மருத்துவப் படிவத்தையும் ஊரிலேயே நிரப்பிவிடுங்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு, காது அறுவை சிகிச்சை என்று ஏதாவது ஒன்றுக்கு "ஆம்" என்று வந்தால் மருத்துவர் கையெழுத்து இல்லாமல் இறக்க மாட்டார்கள். அதைத் தீவில் போய் அலைந்து வாங்குவது பெரிய கஷ்டம். பொய்யாக "இல்லை" என்று எழுதுவதைப் பற்றிப் பேசவே விரும்பவில்லை. கர்ப்பமாக இருந்தால் டைவே வேண்டாம்.

பிள்ளைகளுக்கு மாஸ்க்கை மட்டும் சொந்தமாக வாங்கிவிடலாம். பட்டையைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சச் சொல்லுங்கள், கையை எடுத்தாலும் ஒட்டிக்கொண்டு நின்றால் அளவு சரி. நெற்றி முடி ஓரத்தில் சிக்கியிருந்தால் எவ்வளவு நல்ல மாஸ்க்காக இருந்தாலும் தண்ணீர் கசியும்.

விமான டிக்கெட் போடும்போது கடைசி நாளை டைவ் இல்லாமல் விட்டுவிடுங்கள். பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும். நான் ஒரு முழு நாள் விட்டுவிடுவேன். அந்த நாளில் கரையில் இருந்தவர் எங்கே கூப்பிடுகிறாரோ அங்கே எல்லோரும் போகலாம்.

டைவிங் நிலையத்தை முடிவு செய்வதற்கு முன் விலை, படகு, படங்கள் எல்லாம் பாருங்கள், தப்பில்லை. ஆனால் போன் போட்டு இந்த ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: "படகில் ஏறிய பிறகு என் பிள்ளை வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வீர்கள்?" "அதெல்லாம் பயப்பட மாட்டாங்க, நாங்க இறக்கிடுவோம்" என்று பதில் வந்தால் வேறு நிலையத்தைத் தேடுங்கள்.