கேபிள் வந்தது, ஒட்ட ஆள் வரவில்லை

ஊராட்சி அலுவலகம் வரை ஃபைபர் (ஒளியிழை கேபிள்) வந்துவிட்டது, இனி கிராமத்தில் இணையப் பிரச்சினை இருக்காது என்கிறது, கிராம இணையம் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுவர 2011-ல் ஒப்புதல் பெற்று, பிறகு பாரத்நெட் என்று பெயர் மாறிய மத்திய அரசுத் திட்டம் நல்ல திட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் கேபிள் வருவது வேறு, அறுந்தால் ஒட்ட ஆள் வருவது வேறு.

எங்கள் பக்கம் வீடுகளுக்கு வரும் ஃபைபர் மின்கம்பங்களில்தான் தொங்குகிறது. கரும்பு லாரி உரசினால் போச்சு. மோடத்தில் 'லாஸ்' (LOS) என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளி வரவில்லை, பெரும்பாலும் வழியில் எங்கோ அறுந்திருக்கும். இது எங்கள் தெருப் பையன்களுக்கே தெரியும். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தால் மட்டும், "மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்பார்கள். அறுந்த ஃபைபரைச் செப்புக் கம்பி மாதிரி முறுக்கி டேப் சுற்றிவிட முடியாது, இழையை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷின் வேண்டும். அதை வைத்திருப்பவர் டவுனில் இருக்கிறார். அவருக்கு எத்தனை ஊர்!

அப்புறம் கரண்ட். நாம் வீட்டில் இன்வெர்ட்டர் போட்டிருந்தாலும், ஊருக்கே ஒளி அனுப்பும் கருவியின் பேட்டரி செத்திருந்தால் மோடம் சும்மா மினுக்கிக்கொண்டிருக்கும். இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

பழுதை நாள்கணக்கில் இழுத்தடித்தால் இணைய மாத வாடகையில் கழித்துத் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி 2006-லேயே வந்துவிட்டது. கேட்காமல் யார் தருகிறார்கள்? போனில் சொன்னதோடு விடாமல் புகார் எண்ணை வாங்கி வையுங்கள். அது இல்லாவிட்டால், "புகாரே வரலையே சார்" என்று கையை விரித்துவிடுவார்கள்.