கீழ்ப்பாக்கத்துக்குப் போனால் திரும்பி வர முடியாதா?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒருவர், மனநலம் சரியில்லாத தம்பிக்காக வழி கேட்டிருந்தார். அதற்கு, சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் அரசு மனநல மருத்துவமனையைப் பற்றி, "கீழ்ப்பாக்கம் வெள்ளைக்காரன் கட்டின ஜெயிலுங்க, உள்ளே விட்டா கோர்ட் சொல்லாம வெளியே விடமாட்டாங்க" என்று வேறொருவர் எழுதியிருக்கிறார். தப்புங்க. வழி கேட்டவர் இதைப் படித்துப் பயந்துவிடக் கூடாது.

சென்னையில் மனநோயாளிகளுக்கான காப்பகத்தை 1794-ல் தொடங்கியவர் வாலண்டைன் கொனோலி என்ற மருத்துவர். கீழ்ப்பாக்கத்துக்கு அது வந்தது 1871-ல். 1922-ல் அரசு மனநல மருத்துவமனை என்று பெயர் மாறியது. 1978 முதல் மனநலக் கல்வி நிலையமும்கூட. 1912 சட்டக் காலத்தில் மாஜிஸ்திரேட் உத்தரவோடு பலரை அடைத்தது உண்மைதான், அந்தக் கொடுமையை மறைக்க வேண்டாம். ஆனால் இப்போது நடப்பில் இருப்பது 2017 மனநலச் சட்டம். தானாக விரும்பிச் சேர்ந்தவர் போகிறேன் என்றால் விட்டாக வேண்டும். நிலைமை மோசமென்றால் மட்டும் டாக்டர் 24 மணி நேரம் வரை நிறுத்தி வைத்துப் பார்க்கலாம்.

"அதுக்குக் கோயில்லயே கட்டிப் போடலாம்" என்று இன்னொருவர் சொன்னதுதான் மனசைப் பிசைகிறது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடி தர்கா அருகே மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் பிடித்த தீயில் 28 பேர் இறந்தார்கள், சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல். சங்கிலி இன்று சட்டப்படியே குற்றம்.

அண்ணா, முதலில் சென்னைக்கே போக வேண்டியதில்லை. கோவை அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. இன்றைக்கே பேச 14416, டெலிமானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவி, இலவசம்.